கேட்டுக் கட்டிய வீடும் கேளாது கட்டிய லயமும்

கண்டிக்குச் சுற்றுலாச் செல்லும் நம் மாணவர் தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் கண்டு மீள்கின்றனர். மலைச்சரிவொன்றில் நிற்கும் கருணாரத்ன இல்லம் அவர்தம் பட்டியலில் இடம்பெறுவதில்லை. 1951இல் நிறைவுற்ற அவ்வில்லம், மினெட் டி சில்வா என்னும் கட்டடக் கலைஞரின் முதற் படைப்பாகும்.

1918இல் கண்டியிற் பிறந்த மினெட், பம்பாயிலும் இலண்டனிலும் பயின்றவர். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணையுறுப்பினரான முதல் ஆசியப் பெண். தாயகம் திரும்பிய அவர் மேனாட்டு நவீனத்தை அப்படியே பெயர்த்து நடவில்லை. சரிவின் போக்கிற்கேற்ப வீட்டின் தளங்களை ஏற்றியும் இறக்கியும் அமைத்தார். கொங்கிறீற்றுக்கு அருகே தும்பறை நெசவும் ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியமும் இடம்பெற்றன. கிராமக் கைவினைஞன் அங்கே வெறுங் கூலியாளாக நிற்கவில்லை, படைப்பிற் பங்காளியானான்.

இதனினும் பெரியது வட்டபுளுவ குடியிருப்பு. 1950களில் அரசாங்க ஊழியருக்காக அதனைத் திட்டமிட்டபோது, குடிபுகவிருந்த பல இன, பல சமயக் குடும்பங்களின் தேவையையும் வாழ்க்கைமுறையையும் வினாத்தாள் மூலம் கேட்டறிந்தே அவர் வரைபடந் தீட்டினார். வாழ்பவனைக் கேட்டுக் கட்டுவதே அவருடைய நவீனத்தின் சாரம் என்போம்.

எனினும், அதே கண்டி மலைகளில் எவரையும் கேளாது கட்டப்பட்ட வேறொரு வரலாறும் உண்டு. காப்பிக் காலத்தில் தோன்றி, 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட பின்னர் பல்கிப் பெருகியவை லயங்கள். நீண்ட கூரையொன்றின் கீழ், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை. அதனுள் ஒரு குடும்பம். தோட்டத்துரை வேண்டியது வீடன்று. விடியுமுன் ஆட்களைத் திரட்டத்தக்க ஓரிடம்.

இவ்விரு வரலாறுகளும் ஒரு பெண்ணிடத்தே சந்திக்கின்றன. மினெட்டின் தாயார் அக்னெஸ் டி சில்வா, பெண்களின் வாக்குரிமைக்காக டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தார். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் அவ்வுரிமை வேண்டுமா என வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களே, ஆதலின் வேண்டும் எனத் தயங்காது விடையிறுத்தார். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆனால் சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களுள் மிகப் பெரும்பாலாரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. கருணாரத்ன இல்லம் எழுந்ததும் அவ்வாண்டுகளிலேதான்!

வாக்கற்றவனிடம் வீடு பற்றி யார் கேட்பார்? குடியுரிமை முற்றாக மீளும் வழி திறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இன்றும் பல குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன. காலடி நிலத்திற்கு உறுதிப்பத்திரம் இல்லை.

மினெட் டி சில்வாவைப் போற்றுவோம். அவரது முறையோ மத்தியதர வர்க்கத்தின் வாசலோடு நின்றுவிட்டது. அதற்கு அவரைக் குறைகூறிப் பயனில்லை. தோட்டத்திற்கு வினாத்தாள் அனுப்பும் அதிகாரம் தனியொரு கலைஞரிடம் இருக்கவில்லை. அது சமுதாயத்தின் கடமை. மலையகத்தில் புதிய வீடு கட்ட முன்வரும் எவரும் முதலில் அங்கு வாழ்பவளிடம் கேட்கட்டும்: அடுப்பு எங்கே வேண்டும், கதவு எத்திசையில் திறக்க வேண்டும், நிலம் யார் பெயரில் எழுதப்படவேண்டும்?