உழைக்கும் கையும் சிறுமூளையும்

"படிக்காவிட்டால் மூட்டை தூக்கத்தான் போவாய்!" வீட்டிலும் பள்ளியிலும் சிறுவரை அச்சுறுத்த வழங்கும் வாக்கியம் இது. மூட்டை தூக்குவதற்கு மூளை வேண்டியதில்லை என்னும் எண்ணம் இதனுள் ஒளிந்து கிடக்கிறது. மாளிகாவத்தையின் நெருக்கமான குடியிருப்புகளிலே வளரும் ஒரு நாட்டாமைத் தொழிலாளியின் பிள்ளை இதைக் கேட்கும்போது, தன் தந்தையின் உழைப்பு அறிவற்றது என்றே கற்றுக்கொள்கிறது. இஃது உண்மைதானா? தலையின் பின்புறத்தே, பெருமூளைக்கு அடியில் ஒதுங்கிக் கிடக்கும் சிறுமூளையின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்ஸ் ஜோசப் கால் என்னும் மருத்துவர், மண்டையின் மேடுபள்ளங்களைக் கொண்டு மனிதரின் குணத்தை அறியலாம் என்றார். சிறுமூளை காமத்தின் இருப்பிடம் என்பது அவர் துணிபு. மனிதரை உயர்ந்தோர், தாழ்ந்தோர் எனப் பிரிக்க விழைந்தோருக்கு இந்த மண்டைச் சாத்திரம் பின்னர் நன்கு கைகொடுத்தது. இதனைச் சோதனையால் மறுத்தவர் பியேர் புளூரான்ஸ். சிறுமூளை நீக்கப்பட்ட புறா காண்கிறது, கேட்கிறது, அசையவும் செய்கிறது; ஆனால் ஒழுங்காக நடக்கவோ பறக்கவோ இயலாது தள்ளாடுகிறது என 1824இல் அவர் எழுதினார். அசைவுகளை ஒன்றோடொன்று இசைவிப்பதே சிறுமூளையின் பணி என்பது புலனாயிற்று.

எதனைக் கொண்டு அது இசைவிக்கிறது? கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது என்பதை நாம் அறிகிறோம் அல்லவா? தசைகளும் மூட்டுகளும் ஓயாது அனுப்பும் செய்திகளே இவ்வறிவைத் தருகின்றன. இச்செய்திகளுக்கெல்லாம் தலைமை நிலையம் சிறுமூளையே என்று 1906இல் சாள்ஸ் ஷெரிங்டன் விளக்கினார்.

மனிதரிடத்தில் இதனைத் தெளிவுறக் காட்டியது முதலாம் உலகப் போர். பிடரியில் குண்டடிபட்ட போர்வீரரைப் பிரான்சில் ஆராய்ந்த கோர்டன் ஹோம்ஸ், தம் முடிவுகளை 1917இல் வெளியிட்டார். அவர்களுடைய கை வாதத்தால் முடங்கவில்லை. ஆயினும் நீட்டிய கை குறியைக் கடந்து சென்றது. நினையாமலே நிகழவேண்டிய அசைவை ஒவ்வொரு படியாக எண்ணிச் செய்ய நேர்ந்தது. பழுதுற்ற பக்கத்துக் கையில் வைத்த பொருள் பலருக்கு உள்ளதைவிடப் பாரமாகத் தோன்றியது. அசைவு கெட்டபோது உணர்வும் பிசகியது! பெயர் அறியப்படாத அவ்வீரரின் காயங்களிலிருந்தே மருத்துவ உலகம் இப்பாடத்தைக் கற்றது.

நம் விரலால் நம் உள்ளங்காலைத் தடவினால் கூசுவதில்லை. பிறர் தடவினால் கூசுகிறது. காரணம் என்ன? நம் அசைவால் விளையப்போகும் உணர்வைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது என்று 1998இல் இலண்டன் ஆய்வாளர் காட்டினர். மனித மூளையிலுள்ள ஏறத்தாழ 8600 கோடி நரம்பணுக்களில் 6900 கோடி சிறுமூளையிலேயே உள்ளன என 2009இல் பிரேசில் நாட்டு அறிஞர் கணக்கிட்டனர். எடையிலோ அது மூளையில் பத்தில் ஒரு பங்குதான்!

இனிப் புறக்கோட்டையின் நாட்டாமைத் தொழிலாளியைப் பாருங்கள். முதுகில் அரிசி மூட்டை, காலடியில் வழுக்கும் கல், எதிரே கைவண்டி. மூட்டை சரியுமுன்பே இடுப்பு வளைகிறது. கால் இடம் தேடிக்கொள்கிறது. பல்லாண்டுப் பயிற்சியால் சிறுமூளை ஈட்டிய அறிவு அது. அவ்வறிவு ஏட்டில் இல்லை. அதனால் இல்லாமற் போய்விடவுமில்லை. "மூளையற்ற வேலை" என்பது அறிவியலின் தீர்ப்பன்று. கூலியைக் குறைக்க விரும்புவோருக்கு வசதியான பொய்.

இவ்வறிவு தமிழுக்குப் புதிதாக வரவேண்டியதுமன்று. 19ஆம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலை வெளியிட்டார். அன்று மருத்துவ மாணவருக்குத் தமிழில் எட்டிய உடலறிவு இன்று உழைப்பாளியின் பிள்ளைக்கும் எட்டவேண்டும். தன் தந்தையின் தோளைத் தாங்கி நிற்பது உயர்ந்ததோர் அறிவு என்பதை அப்பிள்ளை பாடப் புத்தகத்திலேயே படிக்கட்டும். அதன்பின் அந்தப் பழைய அச்சுறுத்தல் எவர் வாயிலும் எழாது.