பிரிட்டிஷ் லேலண்ட்

பிரிட்டிஷ் லேலண்ட்: 1968-ல் உருவாகி, 1975-ல் அரசுடைமையான பிரிட்டானிய மோட்டார் வாகன நிறுவனம். ஆஸ்டின், மோரிஸ், ரோவர், டிரயம்ஃப், ஜாகுவார், எம்ஜி ஆகிய பெயர்கள் எல்லாம் ஒரு காலத்தில் இதன் குடைக்கீழ் இருந்தன. தள்ளாடும் கார் நிறுவனத்தை அரசுப் பணம் கொண்டு தூக்கி நிறுத்தலாமா, அப்போது தொழிற்சங்கங்களின் இடம் எது என்ற விவாதங்களில் இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படுவது இதன் வரலாறே.

தொடக்கம்: லேலண்ட் என்பது லங்காஷயர் வட்டாரத்து ஊர். அங்கே 1896-ல் நீராவி வண்டி கட்டத் தொடங்கிய நிறுவனம் பின்னர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயர்பெற்றது. அதன் நிறுவனர்கள் நீராவியால் ஓடும் புல்வெட்டும் எந்திரமும் செய்து விற்றார்கள். பர்மிங்ஹாமை அடுத்த லாங்பிரிட்ஜில் ஆஸ்டினும் ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த கௌலியில் மோரிசும் தனித்தனியே வளர்ந்து 1952-ல் ஒன்றாயின. இந்தியச் சாலைகளில் அரைநூற்றாண்டுக்கு மேல் ஓடிய அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்தது. சென்னை எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்துவந்த அசோக் மோட்டார்ஸ், லேலண்ட் பங்கு வாங்கியபின் 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று.

இணைப்பு: ஹரால்டு வில்சன் அரசின் ஊக்கத்தில், தொழில்நுட்ப அமைச்சர் டோனி பென் முன்னின்று பேச, 1968-ல் லேலண்ட் லாரி நிறுவனமும் ஆஸ்டின்–மோரிஸ் கார் நிறுவனமும் இணைந்தன. தலைவர் டொனால்டு ஸ்டோக்ஸ். உள்நாட்டுக் கார் சந்தையில் ஏறத்தாழ 40 சதவீதம் அப்போது இவர்கள் கையில் இருந்தது. ஆனால் ஒரே விலையில் ஒன்றோடொன்று மோதும் மாடல்கள் தொடர்ந்தன. புகழ்பெற்ற மினி கார் ஒவ்வொன்றும் நட்டத்திலேயே விற்கப்பட்டதாக ஃபோர்டு நிறுவனத்தார் கணக்குப் போட்டுக் கூறினர். அந்தக் கணக்கை எல்லோரும் ஏற்பதில்லை.

கூலி முறையும் பூசலுக்கு இடம் தந்தது. பழைய ஆலைகளில் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. ஸ்டாப் வாட்ச்சோடு வரும் மேலாளருக்கும் அந்தப் பிரிவின் சங்கப் பிரதிநிதியான ஷாப் ஸ்டூவர்டுக்கும் வேலைக்கு வேலை பேரம் நடக்கும். 1970-களின் தொடக்கத்தில் நிர்வாகம் இதை நாட்கூலியாக மாற்றியது. கூலி நிலையானது. ஆனால் வேலையின் வேகத்தைக் கண்காணிக்கப் போதிய மேற்பார்வையாளர்கள் இல்லை.

மீட்பு, 1974–75: எண்ணெய் நெருக்கடிக்குப் பின் கைமுதல் வற்றியது. 1974 டிசம்பரில் நிறுவனத்தின் வங்கிக் கடனுக்கு அரசு பொறுப்பேற்றது. டான் ரைடர் தலைமையிலான குழு 1975 ஏப்ரலில் தந்த அறிக்கை, அரசு ஏழாண்டுகளில் 140 கோடி பவுண்டு போட வேண்டும் என்றது. பெரும்பான்மைப் பங்கு அரசுக்கு வந்தது. பணம் தவணை தவணையாக, உற்பத்தியும் தொழில் அமைதியும் மேம்படுவதைப் பார்த்தே தரப்படும் என்பது நிபந்தனை. தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசக் கூட்டுக் குழுக்களும் அமைந்தன.

போராட்ட ஆண்டுகள், 1977–80: இக்காலத்துக்குத்தான் ஆவணங்கள் மிகுதி. 1977-ன் தொடக்கத்தில் அச்சும் கருவியும் செய்யும் டூல்ரூம் தொழிலாளர்கள் ஏறத்தாழ ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். கைத்திறனுக்குத் தனிப் பேச்சுவார்த்தை உரிமை கேட்ட அவர்களைச் சொந்தச் சங்கத் தலைமையே ஆதரிக்கவில்லை. பணத்தை நிறுத்துவோம் என்று அரசும் எச்சரித்தது.

அந்த ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் பிறந்த மைக்கேல் எட்வர்ட்ஸ் தலைவரானார். 1978-ல் லிவர்பூல் அருகே ஸ்பீக் ஆலையில் கார் உற்பத்தி நின்றது. 1979-ல் அவர் அறிவித்த திட்டம் சுமார் 25,000 வேலைகளைக் குறைப்பதாக இருந்தது. சங்கத் தலைவர்களைத் தாண்டி, தொழிலாளர்களிடமே நேரடியாக வாக்குக் கேட்டார். வாக்களித்தவர்களில் 87 சதவீதம் பேர் ஒப்பினர். ஆலை மைதானத்தில் கைதூக்கி முடிவெடுத்துப் பழகிய சங்கங்களுக்கு இது புதிய ஆயுதம்.

லாங்பிரிட்ஜ் சங்கங்களின் கன்வீனர் டெரக் ராபின்சன் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். பத்திரிகைகள் அவரை ‘ரெட் ராபோ’ என்றன. அவர் காலத்தில் அங்கு 523 வேலைநிறுத்தங்கள் நடந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். அது எந்தக் கால அளவுக்கு என்பது நூலுக்கு நூல் மாறுகிறது. கூட்டுக் குழுக்களை அவர் ஆதரித்ததால், நிர்வாகத்தோடு இழைகிறார் என்று இடதுசாரிகளில் சிலரே குறைகூறினர் என்பது பலரும் விட்டுவிடும் செய்தி. எட்வர்ட்ஸ் திட்டத்தை எதிர்த்த துண்டுப் பிரசுரத்தில் பெயர் போட்டதற்காக 1979 நவம்பரில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் வெளிநடப்புச் செய்தனர். விசாரணை முடியும்வரை வேலைக்குத் திரும்பச் சொன்னது சங்கம். 1980 பிப்ரவரியில் ஆலை எதிரே கோஃப்டன் பூங்காவில் கூட்டம் கூடியபோது, அவருக்காக வேலைநிறுத்தம் வேண்டாம் என்று 14,000 கைகளும், வேண்டும் என்று 600 கைகளும் உயர்ந்தன. கைகள் என்பதால் இவை உத்தேசமே. உளவுத்துறை அவரைக் கண்காணித்துத் தகவல் தந்ததாக 2002-ல் பிபிசி நிகழ்ச்சி ஒன்று கூறியது. பணிநீக்கத்தில் அதன் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை.

1980 ஏப்ரலில் புதிய வேலை விதிகளை நிர்வாகம் தானே அமல்படுத்தியது. வேலைக்கு வந்தவர் ஏற்றுக்கொண்டவராகக் கருதப்பட்டார். 1983-ல் கௌலியில் நடந்த நீண்ட வேலைநிறுத்தம், ஷிஃப்ட் முடிவில் கைகழுவத் தந்த மூன்று நிமிடத்துக்காக. மூன்று நிமிடமா என்று பத்திரிகைகள் எள்ளி நகையாடின. எண்ணெய்க் கறையோடு பஸ் ஏற வேண்டியிருந்தவர்களுக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றியிருக்காது.

காரணம் யார்: வேலைநிறுத்தங்களே நிறுவனத்தை அழித்தன என்பது ஒரு தரப்பு. முதலீட்டுப் பஞ்சமும் மோசமான மாடல்களுமே காரணம் என்பது மறு தரப்பு. பின்னவர்கள் 1973-ன் ஆஸ்டின் அலெக்ரோவைக் காட்டுவார்கள். அதன் ஸ்டியரிங் சக்கரம் வட்டமாக இல்லாமல் மூலை மழுங்கிய சதுரமாக இருந்தது. அந்தச் சக்கரம் இரண்டே ஆண்டில் கைவிடப்பட்டது. மோரிஸ் மரீனாவில் ரேடியோ ஓட்டுநரைப் பாராமல் பக்கத்து இருக்கையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. இவற்றை எந்தச் சங்கமும் வரையவில்லை. இரு தரப்பும் முழுமையாகப் பொருந்துவதாகத் தெரியவில்லை.

பிற்காலம்: அரசு உதவியைக் கொள்கையளவில் எதிர்த்த மார்கரெட் தாட்சர் அரசே 1981-ல் 99 கோடி பவுண்டு தந்தது. 1980-ல் வந்த மெட்ரோ கார் ஓரளவு விற்றது. ஹோண்டாவுடன் கூட்டு ஏற்பட்டது. 1984-ல் ஜாகுவார் தனியார்மயமானது. 1986-ல் நிறுவனத்தின் பெயர் ரோவர் குழுமம் என மாறியது. 1987-ல் அசோக் லேலண்டிலிருந்த பங்கு இந்துஜா குழுமத்துக்கும் இவெகோவுக்கும் போனது. 1988-ல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் 15 கோடி பவுண்டுக்கு ரோவரை வாங்கியது. அப்போது அரசு தந்த மறைமுகச் சலுகைகளை ஐரோப்பிய ஆணையம் பின்னர் கேள்விக்குள்ளாக்கியது. 1994-ல் பிஎம்டபிள்யூ வாங்கி, 2000-ல் கார் பிரிவைப் பத்து பவுண்டுக்குக் கைமாற்றியது.

அப்படிக் கைமாறிய எம்ஜி ரோவர் 2005 ஏப்ரலில் மூழ்கியபோது ஏறத்தாழ 6,000 பேர் வேலையிழந்தனர்; அம்முறை அரசு நிறுவனத்தை ஏற்கவில்லை. ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 2008 முதல் டாடாவிடம் உள்ளன. கௌலியில் பிஎம்டபிள்யூ மினி தயாரிக்கிறது. லாங்பிரிட்ஜில் சீன உரிமையாளரின் கீழ் சிறு அளவில் நடந்த கார் பூட்டும் வேலை 2016-ல் நின்றது.