மிட்டன்வால்ட்: விடுமுறை இல்லங்களின் அமைவிடமும் சுற்றுப்புறமும்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், ஆஸ்திரிய எல்லைக்கு அருகே, ஈசார் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் மிட்டன்வால்ட் அமைந்துள்ளது. கிழக்கே கார்வெண்டல் தொடர் ஊருக்கு நேர்மேலே செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளாக எழுந்து நிற்பதால், ஆற்றோரத் தெருக்களைவிட மேற்கிலுள்ள கிரான்ஸ்பெர்க் குன்றின் சரிவு காலை வெயிலை முந்திப் பெறுகிறது. அமைதி நாடி வருவோருக்கு அச்சரிவின் இல்லங்களே ஏற்றவை. அக்குன்றை அடுத்துள்ள லவுட்டர்சே, ஃபெர்கன்சே என்னும் இரு சிறு ஏரிகளுக்குத் தனியார் வாகனங்கள் செல்ல இயலாததால், மக்கள் நடந்தோ பேருந்திலோ செல்கின்றனர். ஊரின் வடக்கே புடைநிலப் புல்வெளிகள் உள்ளன. பனியாறுகள் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கலவை மண் சிறு சிறு மேடுகளாக உருக்கொண்ட நிலப்பரப்பு இது. பொறி ஓட்ட முடியாத மேடுகளில் புல்லைக் கையரிவாளால் அறுக்கும் வழக்கம் நீடித்ததால், பிற இடங்களில் அருகிவிட்ட மலைப்பூக்கள் இங்கே பிழைத்திருக்கின்றன.

இவ்வூரின் வரலாறு பெரிதும் அது அமைந்த பாதையின் வரலாறே. பிரென்னர் கணவாயைக் கடந்து இன்ஸ்புரூக், சேஃபெல்டு வழியாக ஆக்ஸ்பர்க் நகருக்குச் சென்ற பண்டைய ரோமானியச் சாலை இவ்வட்டாரத்தின் ஊடாகச் சென்றது. பழைய ரோமானிய வழிப்படத்தில் காணப்படும் ஸ்கார்பியா என்னும் தங்குமிடத்தை இதன் அண்மையிலேயே கொள்ளுதல் தகும். இடைக்காலத்தில் வெனிஸ் நகரத்து நறுமணப் பொருள்களும் பட்டும் இவ்வழியே வடக்கே சென்றன. 1487-இல் டிரோல் ஆட்சியாளரான சிக்மண்ட், வெனிசுடன் கொண்ட பகையால் போட்சன் சந்தைக்கு (இன்றைய இத்தாலியின் போல்சானோ) வந்த வெனிசிய வணிகர்களைச் சிறைப்பிடித்ததையடுத்து, அச்சந்தை மிட்டன்வால்டுக்கு இடம்பெயர்ந்து 1679 வரை இங்கேயே நடைபெற்றது. இரு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த அக்காலமே ஊரின் பொற்காலம் எனலாம். சரக்குகளைக் குறிப்பிட்ட தொலைவு வரை ஏற்றிச் செல்லும் உரிமை உள்ளூர் வண்டிக்காரர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இம்முறை 'ரொட்' எனப்பட்டது. வண்டியில் வந்த பொதிகள் இங்கிருந்து மரக்கட்டைத் தெப்பங்களில் ஏறி ஈசார் வழியே மியூனிக் சென்றன. அரசியல் வகையில் ஊர் வெர்டன்ஃபெல்ஸ் ஆட்சிப்பகுதியில் அடங்கி, ஃபிரைசிங் ஆயர்களுக்கு உட்பட்டிருந்து, சமய ஆட்சிகள் ஒழிக்கப்பட்ட 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பவேரியாவுடன் சேர்ந்தது.

சந்தை போட்சனுக்குத் திரும்பியபின் வந்த வறுமைக்கு மாற்றாக வயலின் தொழில் தோன்றியது. அதைத் தொடங்கிவைத்த மத்தியாஸ் க்ளோட்ஸ் (1653–1743) இத்தாலியின் கிரெமோனாவில் வயலின் செய்த அமாத்தி குடும்பத்திடம் பயின்றார் என்பது ஊர்க் கதையேயன்றி வேறில்லை; அவர் பதுவா நகரில் லூட் என்னும் நரம்புக்கருவி செய்பவரிடம் பணிபுரிந்துவிட்டு ஊர் திரும்பியவர். மலைச்சரிவின் ஸ்புரூஸ் மரம் கருவியின் மேற்பலகைக்கு உகந்ததாக இருந்ததும், வணிகப் பாதை ஏற்கெனவே அமைந்திருந்ததும் தொழில் வேரூன்றத் துணைநின்றன. 1858-இல் நிறுவப்பட்ட வயலின் செய்பள்ளி இன்றும் இயங்குகிறது. க்ளோட்ஸின் சிலை நிற்கும் புனித பீட்டர்-பவுல் ஆலயத்தை 18-ஆம் நூற்றாண்டில் யோசஃப் ஷ்முட்சர் புதுக்கிக் கட்டினார். அதன் கூரையோவியங்கள் மத்தேயஸ் கியுந்தருடையவை. அதே நூற்றாண்டில் வீட்டு முகப்புகளின் சுண்ணச் சாந்தின்மேல் விவிலியக் காட்சிகளைத் தீட்டும் வழக்கமும் பரவியது. ஊரின் பழைய பகுதியான கிரீஸ் தெருவிலும் மேல்சந்தைத் தெருவிலும் இவ்வகை வீடுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. பயணிகள் மிகுதியும் ஒளிப்படம் எடுப்பது மேல்சந்தைத் தெருவையே என்றாலும், கிரீஸின் எளிய வீடுகளே கண்ணுக்கு நிறைவானவை.

1912-இல் இன்ஸ்புரூக் வரை இரயில் பாதை திறக்கப்பட்டதும், 1967-இல் கார்வெண்டல் கம்பிவட ஊர்தி இயங்கத் தொடங்கியதும் விடுமுறைத் தொழிலை வளர்த்தன. இன்று ஊரின் முதன்மை வருவாய் அதுவே.