உவர்நிலத்து உமரி

ஊர்ப்பெயர்கள் பலவற்றில் செடிகொடிகள் குடியிருக்கின்றன. சங்கரன்கோவிலை அடுத்த பனவடலிசத்திரம் என்னும் பெயரில் பனையின் இளங்கன்றாகிய வடலி இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே தூத்துக்குடிச் சீமைக்குச் சென்றால், தாமிரபருணிப் பக்கம் உமரிக்காடு என்றே ஓர் ஊர் உண்டு. பனையை எல்லாரும் அறிவர். உமரியை அறிவார் இன்று சிலரே.

உப்பளத்து வரப்புகளிலும், கழிமுகச் சேற்றிலும், வேறு பயிர் தலைகாட்டாத உவர்நிலத்திலும் முளைக்கும் சிறு செடி உமரி. வேர் உறிஞ்சிய உப்பை அதன் தடித்த இலைகள் உயிரணுக்களுக்குள் தனியே ஒதுக்கி அடக்கிக்கொள்கின்றன. ஆகவே உப்பு அதனைக் கொல்வதில்லை. கடலோரத்து எளிய குடும்பப் பெண்கள் இளந்தளிரைக் கிள்ளி, வேகவைத்து, உவர்நீரை வடித்துவிட்டுக் கறியாக்குவர். உப்புப் போட வேண்டாத கறி இது.

இத்தகைய உவர்ச்செடிகளை அரபுமொழி ‘ஹம்ளு’ என அழைக்கிறது. இனிய புல் ஒட்டகத்திற்கு ரொட்டி, ஹம்ளு அதற்குப் பழம் என்பது பாலைவாசிகளின் வழக்கு. இச்செடிகளை எரித்துப் பெறும் சாம்பலே ‘அல்-கிலீ’. அதனை எண்ணெயுடன் காய்ச்சிச் சவுக்காரம் செய்தனர். மணலுடன் உருக்கிக் கண்ணாடி வார்த்தனர். வெனிஸ் நகரத்துக் கண்ணாடி வினைஞர்கள் சிரியா நாட்டுச் சாம்பலைக் கப்பலேற்றி வரவழைத்தனர். சரக்கோடு சொல்லும் சென்று, ஐரோப்பிய மொழிகளில் ‘ஆல்கலி’ ஆயிற்று. நாம் காரம் என்பது அதுவே. 1807-இல் ஹம்ஃப்ரி டேவி பொட்டாசியத்தைப் பிரித்தெடுத்தார். உவர்ச்செடிச் சாம்பலில் மிகுந்திருப்பது சோடியமே எனினும், பொட்டாசியத்தின் ‘காலியம்’ என்னும் இலத்தீன் பெயரும் ‘கே’ என்னும் குறியீடும் அந்த அரபுச் சொல்லின் வழிவந்தவையே.

1791-இல் பிரான்சு நாட்டு லெப்லான் கறியுப்பிலிருந்தே சோடா ஆக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அம்முறை பரவியபின் செடிச்சாம்பலின் வாணிகம் நலிந்தது. சாம்பலின் மதிப்புப் போயிற்று. கீரையோ ஏழையின் உணவென்று ஏளனத்திற்கு உள்ளாயிற்று. வேதியியல் வரலாறு லெப்லானையும் டேவியையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. உவர்நிலத்தில் உணவு கண்ட பெண்களுக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

ஆயினும் அறிவுலகம் மீண்டும் அதே செடியினிடம் வந்து நிற்கிறது. 1954-இல் குஜராத்தின் பாவநகரில் நிறுவப்பெற்ற மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம், உமரியின் உறவாகிய சாலிகார்னியாவிலிருந்து உண்ணத்தகும் தாவர உப்பை எடுக்கும் முறையைக் கண்டது. கடல்நீர் ஏறி நன்செய்கள் உவராகிவரும் இக்காலத்தில், உப்புநீரில் வளரும் உணவு ஏளனத்திற்குரியதன்று.

உமரி இன்னும் கழிகளில் முளைக்கிறது. எந்தப் பருவத்தில் கிள்ளுவது, எத்தனை முறை நீர் வடிப்பது என்னும் பக்குவமோ மூதாட்டியரின் நினைவில் மட்டுமே தங்கியிருக்கிறது. ஏட்டில் ஏறாத அந்தக் கல்வியை, சொல்வார் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது பிள்ளைகளின் கடமை.