‘பிளாட்டர்’: மையொற்றி, சிட்டை, காவல் நிலைய நாட்குறிப்பு

எழுத்தின் ஈர மையை உறிஞ்சும் மையொற்றியை ஆங்கிலத்தில் ‘பிளாட்டர்’ என்பர். அமெரிக்கக் காவல் நிலையங்களில் புகார்களையும் கைதுகளையும் நிகழ்ந்த வரிசையில் எழுதிவைக்கும் ஏட்டிற்கும் அதுவே பெயர். மேசைப் பொருள் ஒன்றன் பெயர் காவல் ஏட்டிற்கு நேராகத் தாவியதாகக் கொள்வது பொருந்தாது. இடையில் வணிகரின் கணக்கேடு நிற்கிறது. அன்றன்றைய வரவு செலவைக் கரடாக எழுதி, பின்னர்ப் பேரேட்டில் ஏற்றுவதற்குரிய குறிப்பேட்டையும் ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டிலேயே இச்சொல்லால் குறித்தனர். காவல்துறைப் பொருள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றியது.

தமிழில் இவ்விடைநிலைக்கு உரிய சொல் சிட்டை. சங்கரன்கோவில் போன்ற நெசவும் வணிகமும் தழைத்த ஊர்களின் கணக்கு மரபில் சிட்டை முதற்பதிவு, பேரேடு முடிந்த பதிவு. இதன் மறுவடிவமான சிட்டா, வருவாய்த்துறையில் நில உடைமையைக் காட்டும் ஆவணமாயிற்று. கரட்டுக் குறிப்பின் பெயரே சான்றாவணத்தின் பெயராக உயர்ந்தது. மையொற்றிக்கோ பழந்தமிழ்ப் பெயர் இல்லை. எழுத்தாணியால் கீறி மை தடவிய ஓலைக்கு ஒற்ற வேண்டிய ஈரம் இருந்ததில்லை. ஒற்று என்பது வேவையும் குறிப்பதால், குறளின் ஒற்றாடல் அதிகாரத்தோடு மையொற்றியை முடிச்சிடும் ஆசை எழலாம். அது ஒலி ஒப்புமையால் விளையும் மயக்கமே.

சென்னை மாகாணக் காவல்துறை 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் அமைந்தது. அங்கு ‘பிளாட்டர்’ வழக்கூன்றவில்லை. நிலையத்தின் அன்றாடப் பதிவு ‘ஜெனரல் டைரி’, அதாவது பொது நாட்குறிப்பு எனப்பட்டது. 1861ஆம் ஆண்டு இந்தியக் காவல் சட்டத்தின் 44ஆம் பிரிவு அதில் எழுத வேண்டியவற்றை வரையறுக்கிறது: புகார்கள், கைதானோர் பெயர்கள், புகார்தாரர் பெயர்கள், சாட்டப்பட்ட குற்றங்கள், கைப்பற்றிய ஆயுதங்களும் பொருள்களும், விசாரிக்கப்பட்ட சாட்சிகளின் பெயர்கள். மாவட்ட நடுவர் அதனை வரவழைத்துப் பார்வையிடலாம்.

எந்த ஏட்டில் முதலில் எழுதப்பட்டது என்பது சொல்லாராய்ச்சியோடு முடிகிற கேள்வியன்று. சங்கரன்கோவிலில் மனுக் கொடுப்பவர் ‘சி.எஸ்.ஆர்.’ ரசீதுடன் வீடு திரும்பலாம். அது மனு பெறப்பட்டதற்குச் சான்று; முதல் தகவல் அறிக்கை ஆகாது. வணிக வழக்கில் கூறினால், சிட்டையில் ஏறியது பேரேட்டில் ஏறவில்லை. லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று, நீதியரசர் ப. சதாசிவம் தலைமையிலான ஐவர் அமர்வு இச்சிக்கலைத் தீர்த்தது. பிடியாணையின்றிக் கைது செய்தற்குரிய குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கையைப் பதிவதே கட்டாயம். நாட்குறிப்பில் குறித்தது அதற்கு ஈடாகாது. எனினும் குடும்பப் பிணக்கு, வணிகக் குற்றம் போன்ற சிலவற்றில் முதனிலை விசாரணைக்கு அமர்வு இடம் வைத்தது. அவ்விசாரணையும் நாட்குறிப்பில் இடம்பெற வேண்டும் என்றது.

ஆதலின் அமெரிக்கப் ‘பிளாட்டரை’ப் பொது நாட்குறிப்பு எனப் பெயர்ப்பது பாதியளவே பொருந்தும். அங்கு அவ்வேட்டின் செய்திகளை உள்ளூர் இதழ்கள் தனிப்பத்தியாகவே அச்சிடுகின்றன. இங்கு இணையத்தில் வெளியிட உச்ச நீதிமன்றம் 2016இல் ஆணையிட்டது முதல் தகவல் அறிக்கையையே. அதற்கும் பாலியல் குற்றம் முதலிய வழக்குகளில் விலக்கு உண்டு. நாட்குறிப்பு நிலையத்திற்குள்ளேயே இருக்கிறது.