நுண்பொறிச் சுவிட்ச் அணி

ஆன்டெனாவை அசைக்காமல் மில்லிமீட்டர் அலைக் கற்றையை வேண்டிய பக்கம் திருப்ப, ஒரே தளத்தில் வரிசையாக உருவாக்கப்படும் நுண்ணிய இயந்திரச் சுவிட்சுகளின் தொகுதி நுண்பொறிச் சுவிட்ச் அணி எனப்படும். மின்விசையால் வளையும் சவ்வுச் சுவிட்சை சிலிக்கான் மீது அமைக்கும் முறையை ஐ.பி.எம். ஆய்வாளர் கர்ட் பீட்டர்சன் 1979இல் வெளியிட்டார்.

கிண்டிக் காட்டை ஒட்டி 1959இல் தொடங்கப்பட்ட சென்னை ஐ.ஐ.டி.யில் இத்தகைய நுண்பொறிகளுக்கான நெம்ஸ் (நானோ மின்-இயந்திர அமைப்புகள்), நானோஃபோட்டானிக்ஸ் மையம் உள்ளது. அந்நிறுவனம் தலைமையேற்று அமைத்த 5ஜி சோதனைத் தளம் 2022 மே 17 அன்று திறக்கப்பட்டது. 5ஜிக்கான மில்லிமீட்டர் அலைப்பட்டையான 26 கிகாஹெர்ட்ஸ் இந்தியாவில் ஏலம் போனதும் அதே ஆண்டில்தான்.

26 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 11.5 மி.மீ. அதில் பாதி இடைவெளியில் ஆன்டெனாக்களை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் முந்தையதைவிட 90 பாகை கட்டத் தாமதம் கொடுத்தால் கற்றை 30 பாகை சாயும். குறுகிய பாதை, நீண்ட பாதை இரண்டில் ஒன்றைத் திறந்துவிட்டு இந்தத் தாமதத்தை உண்டாக்குவதே சுவிட்சின் வேலை.

சுவிட்ச் என்பது சுமார் 1 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள தங்கப் பாலம். மின்னழுத்தம் ஏற ஏறப் பாலம் தாழும். இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் சமநிலை குலைந்து சட்டென்று கீழே ஒட்டும். விறைப்பு மீட்டருக்கு 10 நியூட்டன், இடைவெளி 3 மைக்ரோமீட்டர், மின்முனை 100 மைக்ரோமீட்டர் சதுரம் என்றால் இதற்குச் சுமார் 30 வோல்ட் வேண்டும். இடைவெளியைக் குறைத்தால் வோல்ட் இறங்கும். ஆனால் பாலம் மேலே இருக்கும்போதும் சிக்னல் கசியத் தொடங்கும். வடிவமைப்பின் பெரும்பாடு இந்த இழுபறியே.

உயர் மின்தடைச் சிலிக்கான் அல்லது குவார்ட்ஸ் மீது தங்கக் கம்பித்தடம், அதன்மேல் மின்காப்பாகச் சிலிக்கான் நைட்ரைடு, பிறகு கரைத்தெடுக்க வேண்டிய ஃபோட்டோரெசிஸ்ட், கடைசியாகத் தங்கப் பாலம் என்று அடுக்குகள் ஏறுகின்றன. ரெசிஸ்டைக் கரைத்தபின் திரவம் சாதாரணமாக உலர்ந்தால் அதன் பரப்பு இழுவிசை பாலத்தைத் தரையோடு ஒட்டிவிடும். எனவே மீமாறுநிலைக் (supercritical) கார்பன் டை ஆக்சைடில் உலர்த்துகிறார்கள். ஈரப்பதமும் இதே கேட்டைச் செய்வதால், சென்னை போன்ற கடலோர ஊரில் காற்றுப்புகா உறை கட்டாயம்.

அணியின் உண்மையான சோதனை எண்ணிக்கையில் இருக்கிறது. 64 ஆன்டெனா, ஒவ்வொன்றுக்கும் 16 சுவிட்ச் என்றால் மொத்தம் 1,024. ஆயிரத்தில் ஒன்றுதான் பழுதாகும் என்றாலும், அணி முழுதும் பழுதின்றி அமையும் வாய்ப்பு 36 விழுக்காடே. தனிச் சுவிட்சைக் காட்டி மகிழும் ஆய்வுகள் இதைப் போதிய அளவு எடைபோடுவதில்லை. நைட்ரைடில் தேங்கும் மின்னூட்டமும் நாளடைவில் பாலத்தைக் கீழேயே பிடித்துவைக்கும். மின்னழுத்தத்தின் திசையை மாற்றி மாற்றிக் கொடுத்து அதைத் தணிக்கலாம்.

நுண்பொறிச் சுவிட்ச் நிலை மாற மைக்ரோவிநாடிகள் ஆகும். குறைக்கடத்திச் சுவிட்சுக்கோ நானோவிநாடிகள் போதும். ஆகவே வணிக 5ஜி நிலையங்களில் குறைக்கடத்திச் சில்லுகளே இந்த வேலையைச் செய்கின்றன. சிக்னல் இழப்பும் மின்செலவும் மிகக் குறைவாக இருக்கவேண்டிய இடங்களில்தான் நுண்பொறிச் சுவிட்ச் முந்துகிறது.