மின்னும் மெய்யும்: மலைநாட்டிலிருந்து ஒரு நோக்கு



மத்திய மலைநாடு என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது தேயிலை. ஆயினும் இம்மலைகள் நாட்டிற்கு ஈந்த செல்வம் அஃது ஒன்று மட்டுமன்று. நீரின் வலியால் எழும் மின்சாரமும் இங்கிருந்தே பெருகிற்று. இலத்திரனியலையும் உயிர்மருத்துவப் பொறியியலையும் இணைத்துக் கற்பிக்கும் புதிய கல்வியைப் பற்றிப் பேசப் புகுமுன், அம்மின்சாரத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் பொருத்தமாகும்.

நுவரெலியா நகருக்கு ஒளியூட்ட 1912ஆம் ஆண்டில் பிளக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையம் அமைந்தது. அதனை அமைத்த பொறியியலாளர் விமலசுரேந்திர, 1918இல் தம் துறைசார் சங்கத்தின் முன் ஓர் ஆய்வுரை படித்தார். ஹட்டனுக்கு அண்மையில் ஓடும் கெசல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகியவற்றின் நீரைக் கொண்டு நாடெங்கும் மின்சாரம் வழங்கலாம் என்பது அவர் துணிபு. 1924இல் தொடங்கிய லக்சபான வேலை பொருள் முட்டுப்பாட்டால் இடையில் நின்று, 1950இலேதான் நிறைவேறிற்று. மின்கம்பிகள் தேயிலை மலைகளைத் தாண்டிக் கொழும்புக்குச் சென்றன. அக்கம்பிகளின் கீழே இருந்த லயங்களிலோ, அதற்குப் பின்னரும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

மின்சாரம் விளக்கெரிக்கவும் இயந்திரம் சுழற்றவும் மட்டும் உரியதன்று. மனித உடலினுள்ளேயும் மின்னோட்டம் உண்டு. நெதர்லாந்தின் லெய்டன் நகரப் பேராசிரியர் ஐந்தோவன், இதயத்தின் மின்துடிப்பைத் தெளிவுறப் பதியும் கருவியை இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்கினார். ஏறத்தாழ 270 கிலோ எடையுள்ள அக்கருவியை இயக்க ஐவர் வேண்டும். நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் வாளிகளில் அமிழ்த்தி அமர்ந்திருப்பார். கருவியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல இயலாமையால், 1905இல் ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவிலிருந்த நோயாளியின் இதயத்துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே தம் ஆய்வுகூடத்திற்கு வரவழைத்தார். 1924இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது.

இனி, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகருக்கு வருவோம். 1957 ஒக்டோபர் 31ஆம் நாள் அங்கு மின்சாரம் தடைப்பட்டது. சுவர் மின்சாரத்தை நம்பி இயங்கிய இதயமுடுக்கிகள் பயனற்றுப் போயின. அறுவை மருத்துவர் லில்லெகை இதற்கு வழி காணுமாறு ஏர்ல் பாக்கன் என்பாரை வேண்டினார். பாக்கன் மின்பொறியியல் கற்றவர்; வைத்தியசாலைக் கருவிகளைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர். சில வாரங்களுள், மின்கலத்தால் இயங்கி நோயாளி உடலில் அணிந்துகொள்ளத்தக்க சிறு முடுக்கியை அவர் செய்து கொடுத்தார். அடுத்த ஆண்டே சுவீடனில், மருத்துவம் பயின்று பொறியியலாளராக உழைத்த எல்ம்குவிஸ்ட் ஆக்கிய முடுக்கி, மனித உடலினுள்ளேயே பொருத்தப்பட்டது.

இவ்விரு கல்விகளும் ஏன் இணைய வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தோலின் மேல் நாம் அளக்கக்கூடிய இதயத்தின் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட்டே. அதனை ஆயிரம் மடங்கு பெருக்குதல் வேண்டும்; அறையிலுள்ள கம்பிகளிலிருந்து வந்து கலக்கும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலை நீக்குதல் வேண்டும்; கருவியில் கசியும் மின்சாரம் நோயாளியைத் தாக்காவண்ணம் காத்தலும் வேண்டும். இவை இலத்திரனியல் வேலை. ஆனால் பதிவான கோட்டில் எந்த மேடு இதயத்தின் எந்த அறைக்குரியது, எது இரைச்சல், எது நோய் என்று அறிய உடலியல் வேண்டும். ஒன்றை மட்டும் அறிந்தவர் நோயின் அடையாளத்தையே இரைச்சலென வடிகட்டிவிடுதலும் கூடும்.

நம் நாட்டில் லக்சபான நிறைவேறிய அதே 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பீடம் தோன்றியது. பின்னர் அது பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. கட்டுபெத்தையில் வளர்ந்த தொழில்நுட்பக் கல்லூரி 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் இலத்திரனியல், தொலைத்தொடர்புப் பொறியியல் துறையே உயிர்மருத்துவப் பொறியியற் பட்டத்தையும் நடத்துகின்றது. இரு கல்விகளும் ஒரே கூரையின் கீழ் வந்துள்ளன.

அக்கூரையின் கீழ் தோட்டத்துப் பிள்ளை சென்று சேர்வது எங்ஙனம்? 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்ட மக்களின் மருத்துவத்தைத் தோட்டங்களின் பொறுப்போடு பிணைத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பிள்ளைகளின் கல்வியையும் அவ்வாறே செய்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமோ பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. தோட்டப் பாடசாலைகள் 1970களிலேதான் அரசாங்கத்தின் கீழ் வரலாயின. எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் பிறந்தது. பேராதனை ஹட்டனுக்கு அண்மையில் இருந்தும், அதன் வாயில் தோட்டத்து லயத்திற்குத் தொலைவிலேயே இருந்தது.

இன்று பின்தங்கிய மாவட்டம் என்னும் வகையில் நுவரெலியாவிற்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனிப்பங்கு உண்டு. ஆனால் பங்கு இருந்தால் மட்டும் போதுமா? பொறியியலுக்குச் செல்வோர் உயர்தர வகுப்பில் இணைந்த கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் தமிழில் கற்பிக்கும் பாடசாலையைத் தேட வேண்டும். இம்மாவட்டத்தில் அத்தகையன சிலவே. ஒரு பாடத்திற்கு ஆசிரியர் இல்லையெனின், அப்பிரிவே அங்கு மாணவர்க்கு இல்லை என்றாகிவிடும். அதனைக் கடந்தால் ஆங்கில மொழியில் விரிவுரை காத்திருக்கும். கணிதப் பிரிவினர் உயிரியலைப் பல்கலைக்கழகத்திலேயே புதிதாகத் தொடங்குதலும் வேண்டும். இவை அறிவுக் குறையால் வருவனவல்ல. ஆசிரியரும் ஆய்வுகூடமும் கிட்டின் நீங்கக்கூடியன.

இது மாணவர் ஒருவரின் உயர்வு பற்றிய செய்தி மட்டுமன்று. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில், இந்திய உதவியுடன் 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை திக்கோயாவில் திறக்கப்பட்டது. கட்டடமும் கருவியும் பிற நாட்டினர் ஈயலாம். கருவி பழுதுற்ற நாளில் அதனைத் திறந்து பார்க்கும் கை இங்கேயே இருத்தல் வேண்டும். இதயப் பதிவுக்காக ஒரு முதியவரை மலைப்பாதையில் கண்டிக்குக் கொண்டு செல்லும் மணித்தியாலங்களுள் உயிரே பிரிந்துவிடலாம். பாக்கன் பழுதுபார்ப்பவராகவே தொடங்கினார் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் நன்று.

லக்சபானவின் மின்சாரம் லயத்திற்கு வர நெடுங்காலம் பிடித்தது. மின்னியல் அறிவு அத்துணைக் காலம் எடுத்தல் ஆகாது. அதற்கு வேண்டுவன பெரும் அணைகள் அல்ல; ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு பௌதிக ஆசிரியர், ஒரு கணித ஆசிரியர், பூட்டப்படாத ஓர் ஆய்வுகூடம். இவற்றைப் பெற்றோரும் கல்வி அதிகாரிகளும் இன்றே கேட்டு வாங்குவாராயின், கொழுந்து பறிப்பவரின் மகள் அவ்வைத்தியசாலைக் கருவியைச் செப்பனிடும் நாள் தொலைவில் இராது.